காப்பர் டி 380ஏ, காப்பர் 375: எது யாருக்கு, எங்கே பிசகுகிறது

கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டியைப் போட்டுக்கொண்டவர்களில் பலர் அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பாக்கெட்டைப் பிரித்த சில நிமிடங்களில் அது உள்ளே போய்விடுகிறது. அதனால் கருவியிலிருந்தே தொடங்குவோம்.

380ஏ என்பது வெள்ளை நிறத்தில், வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு ஆங்கில 'டி' எழுத்து. உயரம் 36 மி.மீ., கைகளின் அகலம் 32 மி.மீ. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். நடுத்தண்டில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு செம்பு உறை. இந்த மூன்று இடத்திலும் வெளியே தெரியும் செம்பின் பரப்பு 380 சதுர மி.மீ., பெயரில் உள்ள எண் அதுதான். எடை பார்த்தால் மொத்தச் செம்பு மூன்றில் ஒரு கிராம்கூட வராது. பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். தண்டின் அடியில் 3 மி.மீ. உருண்டை ஒன்று, கர்ப்பப்பை வாயைக் கீறிவிடாமல் இருக்க அது. அதிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி இரண்டு நூல்கள் தொங்கும்.

375 என்பது வேறு உருவம். கைகள் நேராக நீட்டிக்கொண்டிருக்காமல் குதிரை லாடம் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், ஓரத்தில் சின்னச் சின்ன முட்கள் போன்ற புடைப்புகள். செம்பு தண்டில் மட்டும்தான். அரசுத் திட்டத்தில் 380ஏ 2002-இலும் 375 அதற்குப் பத்து வருடம் கழித்தும் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை எங்கும் இரண்டும் இலவசம். 380ஏ-க்கு 10 ஆண்டு, 375-க்கு 5 ஆண்டு என்பது கணக்கு. எது போட்டார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளாத பெண்ணுக்கு இந்த ஐந்து வருட வித்தியாசம் பெரிய தலைவலியாகிவிடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

வேலை செய்கிறதா? நன்றாகவே செய்கிறது. 380ஏ போட்ட 100 பெண்களில் முதல் வருடத்தில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. ஆயிரத்தில் 6 முதல் 8 பேர். 12 வருடம் தொடர்ந்து பார்த்த உலக சுகாதார நிறுவன ஆய்வுகளில், அத்தனை வருடத்துக்கும் சேர்த்தே நூற்றில் சுமார் 2 பேர்தான் கருவுற்றார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை 10 வருடம் பின்தொடர்ந்த பெரிய அமெரிக்க ஆய்விலும் கிட்டத்தட்ட இதே எண்தான், ஆயிரத்தில் 18.5. வயிற்றைத் திறந்து கருக்குழாயைக் கட்டுவதற்குச் சமமான பலன், ஆனால் எந்த நாள் வேண்டுமானாலும் ஒரே நிமிடத்தில் எடுத்துவிடலாம். மாத்திரையிலும் ஆணுறையிலும் மறதிக்கும் அவசரத்துக்கும் இடமிருக்கிறது. அதனால் நடைமுறையில் வருடத்துக்கு நூற்றில் 7 பேர், 13 பேர் என்று தவறுகிறது. காப்பர் டியில் நினைவில் வைத்துக்கொள்ள எதுவுமில்லை. இரண்டு கருவிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் கருத்தடுப்பதில் 380ஏ கொஞ்சம் முன்னே நிற்கிறது. ஆனாலும் 375 மட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதில் ஊரில் ஒரு தப்பான எண்ணம் ஆழமாக இருக்கிறது: உண்டான கருவை இது மாதாமாதம் கலைக்கிறது என்று. செம்பிலிருந்து கசியும் நுண்ணிய அளவு அயனிகள் விந்தணுக்களுக்கு நஞ்சு. அவை நீந்தும் திறனை இழந்து, முட்டையைச் சேரும் முன்பே செயலற்றுப் போகின்றன. கர்ப்பப்பையின் உள்சவ்வும் கிருமியில்லாத ஒரு லேசான அழற்சி நிலையில் இருப்பதால் விந்தணுவுக்கு அந்த இடமே ஒத்துவருவதில்லை. முக்கியமாக நடப்பது கருவுறுதலைத் தடுப்பதுதான். கசியும் செம்பு நாளுக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். நாம் சாப்பாட்டிலேயே நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் செம்பு சாப்பிடுகிறோம். ஹார்மோன் கிடையாது. ஆகவே தாய்ப்பால் குறைவது, உடம்பு பெருப்பது, மனநிலை மாறுவது போன்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அவசரக் கருத்தடைக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 5 நாளுக்குள் போட்டால் கருத்தரிப்பது ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான். மருந்துக்கடையில் வாங்கும் அவசர மாத்திரைகள் எதுவும் இதன் பக்கத்தில் வராது. போட்டபின் பத்து வருடம் கவலையும் இல்லை. நம் மருத்துவமனைகளில் இந்த வழியைப் பெண்களுக்குச் சொல்லும் வழக்கம் அநேகமாக இல்லை என்பது வருத்தமான விஷயம்.

இனி விலை. பணத்தைச் சொல்லவில்லை, உடம்பு கொடுக்கும் விலையை. காப்பர் டி போட்டால் மாதவிடாய் அதிகமாகும். இதை மழுப்பாமல் முதலிலேயே சொல்லவேண்டும். போகும் ரத்தத்தின் அளவு சுமார் பாதிக்குப் பாதி கூடும்; மூன்று நாள் தீட்டு ஐந்து நாளாகலாம், வலியும் கூடலாம், இடையிடையே திட்டுத் திட்டாகப் படலாம். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தணிந்துவிடும். சிலருக்குத் தணிவதில்லை. மாதவிடாய் தொடங்கும் நாளிலிருந்து சில நாள், சாப்பாட்டுக்குப் பின் இபுப்ரோஃபன் அல்லது மெஃபனமிக் அமிலம் எடுத்தால் வலியோடு ரத்தப்போக்கும் குறையும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. போதாவிட்டால் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது, அது டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதுதான் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டும் நிலை. எனவே போடுமுன் ஹீமோகுளோபின் பார்ப்பதும், குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு போடுவதும் கட்டாயமாக இருக்க வேண்டும். ரத்தசோகை என்ற ஒரே காரணத்துக்காக காப்பர் டி கூடாது என்றில்லை. ஏற்கெனவே மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போகிறது, இரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் மாற்றுகிறேன் என்பவருக்கு மட்டும் இது சரியான தேர்வாக இருக்காது. அவருக்கு ஹார்மோன் கலந்த மிரீனா வகைக் கருவி பொருத்தம்; அது ரத்தப்போக்கைக் குறைக்கும், ஆனால் விலை அதிகம். அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை பற்றியும் கேட்கலாம்.

யாருக்குக் கூடாது? கர்ப்பம் இருக்கிறது, அல்லது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இப்போது இடுப்பறையில் தொற்று அல்லது கர்ப்பப்பை வாயில் சீழ், பிரசவத்துக்குப் பின் அல்லது கருக்கலைப்புக்குப் பின் கிருமித் தொற்று, கர்ப்பப்பைக்குள்ளேயே இடத்தைக் கோணலாக்கும் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி, சிகிச்சைக்குக் காத்திருக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், இடுப்பறைக் காசநோய், செம்பு உடம்பில் தேங்கும் வில்சன் நோய். முக்கியமானவை இவை. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, தாய்ப்பால் கொடுப்பது, சிசேரியன் ஆனது, குழந்தையே பெறாதது எதுவும் தடையில்லை. குழந்தை பெறாதவர்களுக்குப் போடும்போது வலியும், கருவி நழுவி வெளியே வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. 'முதல் குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்புவதற்கு மருத்துவக் காரணம் கிடையாது.

பின்னால் குழந்தை தங்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு மெக்சிகோவில் நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு தெளிவாகப் பதில் சொன்னது. குழாய் அடைத்துக் குழந்தையில்லாமல் இருந்த பெண்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டதில், முன்பு காப்பர் டி போட்டிருந்ததற்கும் அடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று வந்துபோன தடயத்துக்குத்தான் தொடர்பு இருந்தது. பழைய பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1971 முதல் 1974 வரை அமெரிக்காவில் விற்ற டால்கன் ஷீல்ட் என்ற கருவியின் நூல், பல இழைகளை ஒன்றாக்கி உறையிட்டது. திரி எண்ணெயை இழுப்பது போல அது கிருமியைக் கர்ப்பப்பைக்குள் இழுத்தது. பல பெண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். இன்றைய கருவிகளின் நூல் ஒற்றை இழை. தொற்று அபாயம் போட்ட முதல் 20 நாளில்தான் தெளிவாகக் கூடுகிறது. அதற்குக் காரணம், போடும் நேரத்தில் ஏற்கெனவே இருந்த தொற்று மேலே ஏறுவது, அல்லது சுத்தமில்லாத கை. அதன்பின் மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான். ஒன்று மட்டும்: இது பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

இப்போது உண்மையில் தரம் பிரியும் இடத்துக்கு வருவோம். ஒரே கம்பெனி, ஒரே பாக்கெட், ஒருவர் பத்து வருடம் மறந்தே போகிறார், இன்னொருவர் மூன்று மாதத்தில் அழுதுகொண்டே வந்து எடுக்கச் சொல்கிறார். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி போடுகிற கையில் இருக்கிறது.

முதலில் பாக்கெட். கிழிந்திருந்தால், ஓட்டை இருந்தால் தொடவே கூடாது. உள்ளே செம்பு நிறம் மங்கிக் கருத்திருந்தால் கவலையில்லை, காற்று பட்ட செம்புப் பாத்திரம் மங்குவது போலத்தான். மேலே அச்சிட்ட காலாவதித் தேதி, கருவி கிருமியில்லாமல் இருக்கும் காலத்தைச் சொல்வது. அந்தத் தேதிக்குள் போட்டாக வேண்டும் என்பதே பொருள். பத்து வருடம் போட்ட நாளிலிருந்து தொடங்கும். காலாவதிக்கு ஒரு மாதம் முன் போட்டாலும் முழுப் பத்து வருடம் உண்டு. இது தெரியாமல் பாக்கெட் தேதியைப் பார்த்துப் பயந்து எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு.

பிறகு உள்பரிசோதனை. கர்ப்பப்பை முன்னால் சாய்ந்திருக்கிறதா, பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று இரண்டு கையாலும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தாண்டிப் போவதுதான் துளை விழுவதற்கு முதல் காரணம்: பின்னால் சாய்ந்த பையில் முன்னால் நோக்கித் தள்ளினால் கருவி சுவரில்தான் போய் நிற்கும். அடுத்து பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் வைத்து, கர்ப்பப்பை வாயை அயோடின் கரைசலால் துடைத்து, ஒன்றிரண்டு நிமிடம் விடவேண்டும். துடைத்த கையோடு உள்ளே போனால் துடைத்ததற்குப் பலனில்லை. பின் கொக்கி வைத்த இடுக்கியால் வாயைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பையின் வளைவு நேராகும். சுருக்கென்று வலிக்கும் நேரம் இது. அளவுக்கம்பி விட்டு ஆழம் பார்ப்பார்கள். 6 செ.மீ.க்குக் குறைவாகவோ 10 செ.மீ.க்கு மேலோ வந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

380ஏ-இல் நுட்பம் தேவைப்படும் படி, கருவியின் கைகளை மடித்து, அதை உள்ளே கொண்டுபோகும் குழாய்க்குள் ஏற்றுவது. பாக்கெட்டை முழுக்கப் பிரிக்காமல், வெளியிலிருந்தே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு கைகளையும் தண்டோடு மடித்து, நுனிகள் மட்டும் குழாய்க்குள் நிற்கும்படி செருக வேண்டும். கருவியைக் கையால் தொடவே கூடாது. ஏற்றியபின் 5 நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். அதற்கு மேல் மடிந்தே கிடந்தால் பிளாஸ்டிக் அந்த வளைவையே பிடித்துக்கொள்ளும். உள்ளே போனதும் கைகள் சரியாக விரியாது, கருவி நழுவும். முன்கூட்டியே நாலைந்தை ஏற்றி வைத்துக்கொண்டு வரிசையாகப் போடுவது எத்தனை கூட்டமானாலும் செய்யக் கூடாத காரியம்.

குழாயின் மேல் நீல நிற வளையம் ஒன்று நகரும். அளவுக்கம்பி காட்டிய ஆழத்தில் அதை நிறுத்த வேண்டும், அதன் தட்டையான பக்கம் கைகளின் திசையில் இருக்க வேண்டும். குழாயை மெல்ல உள்ளே விட்டு, வளையம் கர்ப்பப்பை வாயைத் தொட்டதும் நிறுத்தி, உள்ளிருக்கும் வெள்ளைக் குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். கைகள் விரியும். கற்றுக்கொள்பவர்கள் தவறுவது இங்கேதான்: ஊசி போடும் பழக்கத்தில் குச்சியை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளினால் கருவி சுவரில் ஏறும், துளைக்கவும் செய்யும். முறை 'தள்ளு' கிடையாது, 'உருவு'. பிறகு குழாயை மெதுவாக மேலே ஒரு தட்டுத் தட்டி கருவி உச்சியில் உட்கார்ந்ததை உறுதி செய்து, முதலில் குச்சியை எடுத்து, அப்புறம் குழாயை எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து உருவினால் நூல் மாட்டிக் கருவியும் கீழே இறங்கிவிடும். கடைசியில் நூலை 3 செ.மீ. விட்டு வெட்டுவார்கள்.

375-இல் இந்த மடிக்கும் வேலையும் இல்லை, குச்சியும் இல்லை. கைகள் தாமாக வளைந்துபோகும். குழாயோடு உள்ளே விட்டு, உச்சியைத் தொட்டதும் குழாயை உருவிவிடலாம். புதிதாகப் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கு 375 எளிது என்பதே அதன் பெரிய பலம். அனுபவமுள்ள கை கிடைத்தால், இனிக் குழந்தை வேண்டாம் அல்லது பல வருடம் வேண்டாம் என்று முடிவு செய்தவர் 380ஏ கேட்பதே நல்லது. ஒரே தடவையில் இருமடங்கு காலம்.

வலியைப் பற்றி இன்னும் நேர்மையாகப் பேச வேண்டும். 'எறும்பு கடிச்ச மாதிரிதான்' என்று சொல்லிப் படுக்க வைப்பது தப்பு. சிலருக்கு அப்படித்தான் இருக்கும், சிலருக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்கு இடுப்பைப் பிசையும். கர்ப்பப்பை வாயைச் சுற்றி, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஊசி போட்டால் வலி குறையும், கேட்டால் தரவேண்டும். போட்ட உடனே எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றி மயக்கம் வரும், பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுவது நல்லது.

போடும் நேரம்: மாதவிடாய் தொடங்கிய 7 நாளுக்குள் என்றால் கர்ப்பம் இல்லை என்பதில் சந்தேகம் இருக்காது. கர்ப்பம் இல்லையென்று உறுதியானால் வேறு எந்த நாளிலும் போடலாம், தீட்டு வரும்வரை காத்திரு என்று அனுப்ப வேண்டியதில்லை. பாதுகாப்பு அன்றே தொடங்கிவிடும்.

பிரசவத்தோடு சேர்த்துப் போடுவது தனிக் கதை. நச்சுக்கொடி வந்த 10 நிமிடத்துக்குள் போடுவது மிகவும் நல்லது, தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால் 6 வாரம் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பை சுருங்கிக்கொண்டிருப்பதால் நழுவுவதும் துளை விழுவதும் கூடும். இதற்கு நீண்ட வளைந்த இடுக்கி தேவை, கருவி உச்சியில் போய்ச் சேர வேண்டும். சிசேரியனில் வெட்டிய வழியாகவே வைத்துவிடுவார்கள். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால், ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தால் போடக் கூடாது. சுகப்பிரசவத்தில் இப்படிப் போட்டவை பத்தில் ஒன்று அல்லது அதற்கு மேலும் நழுவி வெளியே வருகின்றன. சாதாரண நாளில் போட்டதைவிட இது பல மடங்கு. ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் போகாத பெண்ணுக்குக் கருவி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நூல் உடனே கண்ணுக்குத் தெரியாமல் போவது இந்த முறையில் சகஜம், குறிப்பாக சிசேரியனுக்குப் பின். ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கேதான் பெரிய அநியாயமும் நடக்கிறது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் தலையை ஆட்டச் சொல்லிப் போடுவது சம்மதம் ஆகாது. கேட்காமலே போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பல மாதம் கழித்து ஸ்கேனில்தான் தெரிய வருவது மன்னிக்க முடியாதது. கர்ப்ப கால செக்கப்பின்போதே, ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, உட்கார வைத்துப் பேசி, வேண்டும் வேண்டாம் என்று அவர் சொன்னதைத் தாய்சேய் அட்டையில் எழுத வேண்டும். இந்தியாவில் 1965-இல் லிப்பஸ் லூப் என்ற பழைய பிளாஸ்டிக் கருவியைக் கொண்டுவந்தபோது இலக்கு வைத்து ஓடினார்கள். போட்டபின் ரத்தப்போக்கு என்று வந்த பெண்களைப் பார்க்க ஆளில்லை. கெட்ட பேர் ஊரெல்லாம் பரவியது. இன்றைக்கும் கிராமத்தில் காப்பர் டியை 'லூப்' என்றே சொல்கிறார்கள். பெயரோடு அந்தப் பயமும் தங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுதும் மணமான பெண்களில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் 37.9 சதவீதம், இந்தக் கருவி 2.1 சதவீதம். இருபத்தைந்து வயதில் இரண்டாவது பிரசவத்தோடு குழாயைக் கட்டிக்கொள்ளும் பெண்களுக்கு, அதே பலன் தரும், திரும்ப எடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்று நிதானமாக யாராவது சொல்ல வேண்டும்.

துளை விழுவது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் பை மெலிந்து மென்மையாக இருப்பதால் அபாயம் பல மடங்கு கூடுகிறது, ஆனாலும் எண்ணிக்கையில் அது சிறியதுதான்; அந்த நேரத்தில் போடக் கூடாது என்றில்லை, பழகிய கை வேண்டும். வயிற்றுக்குள் போய்விட்ட செம்பு உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் என்பதால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி ஆபரேஷன்) மூலம் எடுத்துவிட வேண்டும். 'நெஞ்சுக்கு ஏறிடும்' என்ற பேச்சு ஆதாரமில்லாதது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே: மாதவிடாய் முடிந்ததும் கை கழுவி, குந்தி உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே விட்டுப் பார்ப்பது. மூக்கு நுனி போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அதுதான் கர்ப்பப்பை வாய். அதன் நடுவில் நரம்பு போல நூல் நெருடினால் போதும், இழுக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நழுவுவது பெரும்பாலும் அப்போதுதான். நூல் திடீரென்று நீண்டிருந்தால், கெட்டியாகக் குச்சி முனை போலப் பட்டால், கருவி இறங்கிவிட்டது. நூலே இல்லையென்றால் அது மேலே சுருண்டிருக்கலாம், கருவி விழுந்திருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், அதிலும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே. அதுவரை ஆணுறை. மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துகிறவர்கள் அதை வெளியே எடுக்கும்போது முதலில் விளிம்பை அழுத்திக் காற்றை உடைத்துவிட வேண்டும். அப்படியே இழுத்தால் உறிஞ்சும் வேகத்தில் நூலும் கருவியும் சேர்ந்து வரலாம். கணவருக்கு நூல் குத்துகிறது என்றால் பெரும்பாலும் குட்டையாக வெட்டியதால்தான், சில வாரத்தில் மென்மையாகி மடிந்துகொள்ளும்.

தாமதிக்காமல் போகவேண்டிய நேரங்கள்: காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், தீட்டு தள்ளிப்போவது. தீட்டு தள்ளிப்போய் ஒரு பக்கம் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காப்பர் டி இருக்கும்போது கர்ப்பமே அரிது. ஆனால் அப்படி ஆகிவிட்டால் அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பைக்குள் தங்கியிருந்தால், நூல் தெரியும் ஆரம்ப நாட்களிலேயே கருவியை எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது கரு கலையும் அபாயம் கொஞ்சம் உண்டு. விட்டுவைத்தால் கலைவதும், கிருமித் தொற்றும், குறைமாதப் பிரசவமும் அதைவிட அதிகம்.

எடுப்பது பற்றி. நூலை இடுக்கியால் பிடித்து, ஒரே சீராக மெல்ல இழுத்தால் கைகள் மேலே மடிந்து வந்துவிடும். பழகியவருக்கு ஒரு நிமிட வேலை. பெண் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மருந்து தந்து பார்க்கலாமா என்று கேட்கலாம். 'இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்கம்மா', 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா' என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் ஊரில் பத்துப் பேரிடம் சொல்கிறார், அந்தப் பத்துப் பேரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தானாக வீட்டில் இழுத்து எடுக்க முயல்வது ஆபத்து. எடுத்த அன்றே கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். அதனால் குழந்தை வேண்டாம் என்பவர்கள் எடுப்பதற்கு முந்தைய 7 நாள் ஆணுறை பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காத்திருக்கும் விந்தணு வேலையைக் காட்டிவிடும். பழையதை எடுத்த கையோடு புதியதைப் போட்டுக்கொள்ளலாம், இடைவெளி தேவையில்லை.

போட்டவுடன் ஓர் அட்டை தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். போட்ட தேதி, 380ஏ-யா 375-ஆ, மாற்ற வேண்டிய வருடம், மூன்றும் அதில் இருக்க வேண்டும். அட்டை தொலைந்துபோகும், ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது போட்டார்கள் என்று தெரியாமல் ஆறாவது வருடத்தில் வந்து நிற்பவருக்கு, எக்ஸ்ரேயில் கைகளின் உருவத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குள் 375-இன் காலம் முடிந்திருக்கும். 40 வயதுக்கு மேல் போட்டுக்கொண்டவர்கள் மாற்றாமல் மாதவிடாய் நிற்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்பது பிரிட்டனில் கடைப்பிடிக்கும் முறை. 50 தாண்டியவர்கள் கடைசித் தீட்டுக்குப் பின் ஒரு வருடம் கழித்து எடுத்துவிட வேண்டும். தீட்டுதான் நின்றுவிட்டதே என்று அப்படியே விட்டால் பை சுருங்கி, வாய் இறுகி, பின்னால் எடுக்க மயக்க மருந்து தேவைப்படும் நிலை வரலாம். வீட்டில் அறுபது வயது அம்மாவோ அத்தையோ இருந்தால், அந்தக் காலத்தில் போட்ட லூப்பை எடுத்தாயிற்றா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.